ஓலையும் குறுந்தகடும்: எதை வைப்பது, எதை அழிப்பது?

இது கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். கடைசியில் உங்களில் சிலரிடம் ஒரு மன்னிப்பும் கேட்க வேண்டியிருக்கிறது.

பொங்கல் கழிந்த ஒரு காலையில் மேல்சித்தாமூரில் ஒரு மல்லாட்டைக் கொல்லை ஓரமாக நடந்து போனேன். காக்காய் விரட்டுவதற்காகக் கயிறு கட்டிப் பழைய சிடிக்களைத் தொங்கவிட்டிருந்தார்கள். வெயிலில் பளபளவென்று சுழன்ற ஒன்றில் என் கையெழுத்து! "8-ஆம் வகுப்பு, உதவித்தொகை, 2011" என்று எழுதியிருந்தது. போகிக்கு வீட்டை ஒழித்தபோது, பாட்டுத் தகடுகளோடு சேர்த்து ஒரு கட்டை நான்தான் தூக்கிக் கொடுத்திருந்தேன்.

அதைக் கேட்டு வாங்கி வந்து பேரனின் கணினியில் போட்டோம். திறந்துவிட்டது. பிள்ளைகளின் பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி, சாதி, வங்கிக் கணக்கு எண் எல்லாம் வரிசையாக வந்தன. எனக்கு வேர்த்துவிட்டது.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. எழுத்தைக் காப்பதும் அழிப்பதும் நம் ஊர்ப்பக்கம் புதிய கவலை இல்லையே என்று நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன்.

செஞ்சிக்குப் பக்கத்தில் திருநாதர் குன்று உங்களுக்குத் தெரியும். சுற்றுலா கூட்டிப் போயிருக்கிறேன். பாறையில் 24 தீர்த்தங்கரர் உருவங்கள் இருக்கும். அங்கேயே, சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் துறந்ததைச் சொல்லும் கல்வெட்டும் இருக்கிறது. ஆயிரத்து நானூறு ஆண்டு மழையும் வெயிலும் அதை அழிக்கவில்லை.

ஓலை அப்படியல்ல. எழுத்தாணியால் கீறி, மஞ்சளும் கரியும் தடவிப் படிப்பார்கள். பூச்சி அரிக்கும், ஓரம் ஒடியும். நன்றாகக் காத்தாலும் சில நூறு ஆண்டுதான். அதனால் பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் படி எடுத்துவிட்டு, பழையதை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடுவார்கள். அந்த முறையில் ஓர் அறிவு இருந்தது. முதலில் படி, பிறகு விடு.

காலம் போகப் போக, படி எடுப்பது நின்றுபோய் ஆற்றில் விடுவது மட்டும் நிலைத்துவிட்டது. உ.வே.சாமிநாதையர் கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்குச் சுவடி தேடிப் போனபோது, பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் போட்டுவிட்டோம் என்று சொன்னார்களாம். செய்தவர்கள் அதைப் பாவமாக நினைக்கவில்லை, சாஸ்திரப்படி செய்ததாகவே நினைத்தார்கள். தீயில் போனது என்ன நூல் என்று யாருக்கும் தெரியாது. அதே ஐயர், சமண நூலான சீவகசிந்தாமணியை, கும்பகோணத்துச் சமணர்களிடம் பொருள் கேட்டுக் கேட்டு 1887-இல் அச்சேற்றினார். நம் ஜினகாஞ்சி மடத்தைப் போன்ற இடங்களும், வீட்டுப் பரணில் ஏடு வைத்துக் காத்த குடும்பங்களும் இல்லையென்றால் இன்னும் எத்தனையோ போயிருக்கும்.

ஆக, அன்றைக்கு எழுத்து தானாக அழிந்தது, காப்பதற்குத்தான் பாடுபட வேண்டும். இன்றைக்கு நிலைமை தலைகீழ். எழுத்து எங்கேயோ கிடக்கிறது, அழிப்பதற்குப் பாடுபட வேண்டியிருக்கிறது.

இங்கிலாந்தில் 2007-இல் நடந்ததைக் கேளுங்கள். வரித்துறை அலுவலகம் ஒன்று இரண்டே இரண்டு சிடிக்களைத் தபாலில் அனுப்பியது. போய்ச் சேரவில்லை. அவற்றில் குழந்தைகளுக்கான உதவித்தொகை பெறும் குடும்பங்களைச் சேர்ந்த 2.5 கோடி பேரின் பெயர், முகவரி, வங்கிக் கணக்கு எல்லாம் இருந்தன. நாடே பதறியது. அந்தத் துறையின் தலைவர் பதவி விலகினார். நம் நாட்டிலும் 2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வேலை முடிந்தபின் பிறர் விவரத்தை வைத்திருக்கக் கூடாது, அழித்துவிட வேண்டும் என்றுதான் சொல்கிறது.

சரி, எப்படி அழிப்பது? பேரனிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

1. பளபளக்கும் அடிப்பக்கத்தைக் கீறினால் போதும் என்று நினைக்காதீர்கள். அங்கே இருப்பது பிளாஸ்டிக். மெருகேற்றினால் கீறல் மறைந்து மறுபடி படிக்கும். சிடியில் எழுத்து இருப்பது நாம் பெயர் எழுதும் மேல்பக்கத்தை ஒட்டி. அந்தப் பக்கத்தை ஆணியால் நன்றாகக் கீறி, பசை டேப்பை ஒட்டி உரித்தால் வெள்ளிப்பூச்சு பெயர்ந்து வரும். முழுவதும் வரும்வரை விடாதீர்கள்.

2. டிவிடியில் எழுத்து இரண்டு தகடுகளுக்கு நடுவே இருக்கும். சுரண்டிப் பயனில்லை. துணிப்பையில் போட்டு, கண்ணுக்குக் கண்ணாடி அணிந்து, தகரம் வெட்டும் கத்தரியால் சிறு துண்டுகளாக வெட்டுங்கள். சில்லு தெறிக்கும், குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

3. காந்தத்தைத் தேய்ப்பது வீண். எழுத்து காந்தத்தால் ஆனதல்ல, ஒளியால் எழுதிப் படிப்பது.

4. போகித்தீயில் போடவே வேண்டாம். அந்தப் புகை நெஞ்சுக்குக் கேடு.

5. எல்லாவற்றுக்கும் முன்னால், உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருமுறை திறந்து பாருங்கள். கரிவலம்வந்தநல்லூரில் தவறியது இந்த ஒன்றுதான்.

அப்படித் திறந்து பார்த்ததில், ஒரு தகட்டில் ஆண்டுவிழா நாடகம் முழுவதும் இருந்தது. ராஜாவாக நடித்தவன் வசனம் மறந்து என்னைப் பார்த்து விழிக்கிறான்! அதைப் பென் டிரைவில் ஏற்றிவிட்டேன். வேண்டுகிறவர்கள் வாங்கிக்கொள்ளுங்கள். மதிப்பெண், சாதி, கணக்கு எண் இருந்த தகடுகளை நானும் பேரனும் திண்ணையில் உட்கார்ந்து துண்டு துண்டாக வெட்டினோம்.

இனி மன்னிப்பு. போகியன்று நான் கொடுத்தவை பன்னிரண்டு. கொல்லை கொல்லையாக அலைந்து பதினொன்றைத்தான் மீட்க முடிந்தது. பன்னிரண்டாவதில் என்ன இருந்தது என்று எனக்கு நினைவில்லை. வெறும் பாட்டாகவும் இருக்கலாம். ஆனாலும் என்னிடம் உதவித்தொகைக்கு விவரம் கொடுத்த பிள்ளைகள் தங்கள் பழைய வங்கிக் கணக்கை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். "வங்கியிலிருந்து பேசுகிறோம்" என்று பெயர், பிறந்த தேதி எல்லாம் சரியாகச் சொல்லி யாராவது கேட்டாலும் எண் எதையும் சொல்லிவிடாதீர்கள்.

வீட்டுப்பாடத்தைக் கிழித்துப் போட்டதற்காக உங்களை முட்டி போட வைத்தவன் நான். கிழிக்க வேண்டியதைக் கிழிக்காமல் விட்டதற்கு இன்று நான் முட்டி போட வேண்டும். மன்னியுங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் ஆசிரியர்