காது கேளாத தம்பிக்கு எஞ்சினை உணர்த்திய கதிரை

2009 இல் எறிகணை வெடித்தபோது தம்பிக்கு 11 வயது. வெளியில் ஒரு காயமும் இல்லை. ஆனால், அன்றிலிருந்து அவனது வலது காது முற்றாகக் கேட்பதில்லை. இடது காதில் உரத்த சத்தம் மட்டும் மங்கலாக விழும்.

இப்போது கிளிநொச்சியில், எங்கள் வீட்டின் முன் அறையில், கணினியில் கார்ப் பந்தயம் ஓடுவதுதான் அவனுடைய பொழுதுபோக்கு. பாவித்த ஸ்டியரிங் ஒன்றையும் மிதிகளையும் வாங்கி, மரச் சட்டத்தில் பழைய வான் கதிரை ஒன்றைப் பூட்டி வைத்திருக்கிறான். ஆனால், வளைவுகளில் எப்போதும் சுழன்றுவிடுவான். எஞ்சின் இரைச்சலைக் கேட்டு கியர் மாற்றவும், ரயர் கீச்சிடுவதைக் கேட்டு வேகத்தைக் குறைக்கவும் மற்றவர்களால் முடியும். “அண்ணா, எல்லாரோடையும் கார் கதைக்குது. என்னோட மட்டும் கதைக்குதில்லை” என்றான் ஒருநாள்.

அதற்காகத்தான் கதிரைக்கு அதிர்வு பூட்டினோம். இதைச் செய்ய விரும்பும் மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் விபரமாக எழுதுகிறேன்.

தேவையான பொருட்கள்

முதலாவது, ‘பாஸ் ஷேக்கர்’. இது ஒலிபெருக்கி போன்றதுதான். ஆனால் காகிதக் கூம்புக்குப் பதிலாக உள்ளே ஒரு பாரம் ஆடும். அதனால் காற்று அதிராது, அது பூட்டப்பட்ட பொருள் அதிரும். பெரும்பாலும் 20 முதல் 80 ஹேர்ட்ஸ் வரையிலான தாழ்ந்த அதிர்வுகளுக்கானது. நாங்கள் வாங்கியது டேட்டன் ஓடியோவின் பிஎஸ்ரி-1. 4 ஓம், 50 வாட்ஸ்.

இரண்டாவது, இரண்டு சனல் உள்ள சிறிய அம்பிளிஃபயர். மூன்றாவது, யூஎஸ்பி சவுண்ட் கார்ட். விளையாட்டின் சத்தம் ஒரு வழியிலும் அதிர்வு வேறு வழியிலும் போக இது வேண்டும்.

நான்காவது, சிம்ஹப் என்ற மென்பொருள். கார் ஓடும்போது எஞ்சின் வேகம், கியர், ஒவ்வொரு சில்லின் வழுக்கல் போன்ற தரவுகளை விளையாட்டு வெளியிட்டுக்கொண்டே இருக்கும். சிம்ஹப் அவற்றை வாசித்து அதிர்வாக மாற்றும். இலவசமாகவே தொடங்கலாம்.

பூட்டும் முறை

ஒரு ஷேக்கரைக் கதிரையின் அடியிலும் மற்றதை மிதிப் பலகையின் பின்புறமும் பூட்டினோம். பஞ்சில் பூட்டினால் அதிர்வு அங்கேயே அடங்கிவிடும். இரும்புச் சட்டத்திலோ கெட்டியான பலகையிலோ போல்ற் போட்டு இறுக்க வேண்டும்.

வயர் கொடுப்பதில் நான் ஒரு பிழை விட்டேன். இரண்டு ஷேக்கர்களையும் ஒரே சனலில் சமாந்தரமாகக் கொடுத்தேன். 4 ஓம் இரண்டு அப்படிச் சேர்ந்தால் 2 ஓம் ஆகிவிடும். அம்பிளிஃபயர் சூடாகி நின்றுவிட்டது. பிறகு இடது சனலைக் கதிரைக்கும் வலது சனலை மிதிக்கும் தனித்தனியே கொடுத்தோம்.

எதை எங்கே உணர்த்துவது

எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால் வெறும் நடுக்கம்தான் மிஞ்சும். ஒவ்வொரு செய்திக்கும் ஓர் இடமும் ஒரு குணமும் வேண்டும். எஞ்சினுக்கு 30 முதல் 60 ஹேர்ட்ஸ் வரை, கதிரையில், மெதுவாக. பின் சில்லு வழுக்குவதும் கதிரையில்தான், ஆனால் பலமாக. பிரேக் இறுகி முன் சில்லு பூட்டிக்கொள்வது மிதியில். கியர் மாறுவது ஒரு சிறு தட்டு.

ஸ்டியரிங் பெரும்பாலும் முன் சில்லுகளின் நிலையைத்தான் சொல்லும். பின்பக்கம் வழுக்குவதை உண்மையான காரிலும் இருக்கையால்தான் முதலில் அறிகிறோம். அமெரிக்காவின் கிட்டி ஓ'நீல் குழந்தைப் பருவத்திலேயே செவிப்புலனை இழந்தவர். 1976 இல் மணிக்கு சுமார் 825 கிலோமீற்றர் சராசரி வேகத்தில் வாகனம் ஓட்டி, பெண்களுக்கான தரைவேகச் சாதனையை நிலைநாட்டினார்.

கட்டாயம் கவனிக்க வேண்டியது

முதல் நாள் இரவு நாங்கள் பரீட்சித்துப் பார்த்தபோது, பக்கத்து அறையில் படுத்திருந்த அம்மா எழும்பி வந்து சுவரோரம் குந்திவிட்டார். ஒன்றும் பேசவில்லை. சீமெந்துத் தரை வழியாக அந்த அதிர்வு அவரது கட்டிலுக்குப் போயிருக்கிறது. காதால் கேட்கும் சத்தத்தைவிட, நிலம் அதிர்வது எங்களுக்கு என்ன என்பதை நான் யோசிக்காமல் விட்டுவிட்டேன்.

அடுத்த நாள் லொறி ரயரை வெட்டி, சட்டத்தின் நான்கு கால்களின் கீழும் றப்பர் கட்டைகள் வைத்தோம். அம்பிளிஃபயரின் சத்தத்தைப் பாதியாகக் குறைத்தோம். தம்பி ஓடும்போது அம்மாவின் கட்டிலில் கை வைத்துப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. அம்பிளிஃபயருக்கான சுவிட்சை அம்மாவுக்கு எட்டும் இடத்தில் வைத்தோம்.

சிம்ஹப்பில் ‘மோதல்’ என்றொரு அதிர்வும் இருக்கிறது. கார் சுவரில் இடித்தால் கதிரை திடீரெனக் குலுங்கும். அதைத் தம்பியே அணைத்துவிட்டான். “இது வேண்டாம் அண்ணா” என்றான். நான் காரணம் கேட்கவில்லை. எங்களைப் போன்ற வீடுகளில் இதைப் பூட்டுகிறவர்கள் அந்த ஒன்றை முதலில் அணைத்துவிட்டு, மிகக் குறைந்த அளவில் தொடங்குங்கள். கதிரையில் இருப்பவரிடம் மட்டுமல்ல, வீட்டில் இருக்கும் எல்லோரிடமும் கேட்டுவிட்டுக் கூட்டுங்கள்.

இரண்டு வாரம் கழித்து தம்பி ஒரு முழுப் பந்தயத்தையும் ஒருமுறைகூடச் சுழலாமல் முடித்தான். ஏழாவதாகத்தான் வந்தான். “பின் சில்லு வழுக்கப் போகுதெண்டு முன்னமே தெரியுது” என்றான். அம்மா சுவிட்சில் கை வைக்காமல் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.