செல்ஃப், ரெஸ்பான்சிபிள்: ஒரு அடைமொழி மாறிய கதை

போட்டித் தேர்வுக்குப் படிக்கிற அண்ணன் பையன் போன வாரம் மயிலாப்பூர் வீட்டுக்கு வந்திருந்தான். "சித்தப்பா, 1917 மாண்டேகு அறிவிப்புல தர்றதா சொன்னது செல்ஃப் கவர்ன்மென்ட்டா, ரெஸ்பான்சிபிள் கவர்ன்மென்ட்டா? ரெண்டும் ஒண்ணுதானே, எதை எழுதினா என்ன?" என்றான்.

ஒண்ணு இல்லை. அந்த வித்தியாசத்துக்காக லண்டனில் மந்திரிகள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள்.

முதலில், நம்ம ஊரில் என்ன கேட்டார்கள் என்று பார்ப்போம். 1916-ல் அன்னி பெசன்ட் ஹோம் ரூல் லீக் தொடங்கினார். அதே வருஷம் சீனிவாச சாஸ்திரி ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். அதன் தலைப்பிலேயே 'செல்ஃப் கவர்ன்மென்ட்' இருந்தது. 1917 ஜூனில் பெசன்ட் அம்மையாரைக் காவலில் வைத்தார்கள். லீகின் கௌரவத் தலைவர், ஓய்வுபெற்ற ஐகோர்ட் ஜட்ஜ், மயிலாப்பூர் 'மணி ஐயர்' என்கிற சர் எஸ். சுப்பிரமணிய ஐயர் அமெரிக்க ஜனாதிபதி வில்சனுக்கே கடிதம் எழுதிவிட்டார். அடுத்த வருஷம் பார்லிமென்ட்டில் அந்தக் கடிதத்தைக் கண்டித்துப் பேசியதும், 'சர்' பட்டத்தையே வேண்டாம் என்று துறந்தார். அப்போது அவருக்கு 75 வயசு.

ஆக, இங்கே கேட்டது சுயாட்சி. 'ஆளுவது யார்?' என்ற கேள்விக்கு 'நாங்களே' என்ற பதில்.

லண்டனில் மாண்டேகு எழுதிய வரைவிலும் 'செல்ஃப் கவர்ன்மென்ட்' என்றுதான் இருந்தது. முன்னாள் வைஸ்ராய் கர்சனுக்கு அது பிடிக்கவில்லை. அந்தச் சொல்லை இந்தியர்கள் ஒரு மாதிரி புரிந்துகொள்வார்கள், கேபினெட் நினைப்பது வேறு, பின்னால் வம்பு வரும் என்ற பயம். அவர் கைப்பட்டு அது 'ரெஸ்பான்சிபிள் கவர்ன்மென்ட்' ஆனது. 1917 ஆகஸ்ட் 20 அன்று மாண்டேகு சபையில் வாசித்தது இந்தத் திருத்திய வாசகம்தான்.

இங்கேதான் வேடிக்கை. 'ரெஸ்பான்சிபிள்' என்றால் பொறுப்பான பிள்ளை, நிதானமானவன் என்கிற மாதிரி காதுக்கு அடக்கமாக இருக்கும். ஆனால் பிரிட்டிஷ் அரசியலில் அதற்குக் கெட்டியான ஒரு அர்த்தம் உண்டு. கனடாவுக்காக 1839-ல் டர்ஹம் பிரபு கொடுத்த அறிக்கையிலிருந்தே அது புழக்கத்தில் இருக்கிறது. மந்திரிகள் சட்டசபைக்குப் பதில் சொல்ல வேண்டும், சபைக்கு நம்பிக்கை போய்விட்டால் நாற்காலியை விட்டு இறங்க வேண்டும். 'ஆளுகிறவர் யாருக்குப் பதில் சொல்கிறார்?' என்பது வேறு கேள்வி. சமஸ்தானத்தில் ராஜா நம்ம ஆளாகவே இருக்கலாம். ஆனால் அவர் குடிகளுக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. குறைத்துக் கொடுப்பதாக நினைத்துப் போட்ட சொல், ஒரு விதத்தில் கூடுதலாகவே கொடுத்துவிட்டது.

கொடுத்ததும் முழுசாக இல்லை. 1919 சட்டத்தின் இரட்டையாட்சியில் போலீஸ், நிலவரி போன்றவை கவர்னர் பக்கமே நின்றன. கல்வி, சுகாதாரம், உள்ளாட்சி போன்றவை மட்டும் சபைக்குப் பதில் சொல்லும் மந்திரிகளிடம் வந்தன. மெட்ராஸில் 1920 டிசம்பரில் ஜஸ்டிஸ் கட்சி மந்திரிசபை அமைத்தது. 1923 நவம்பரில் சி. ஆர். ரெட்டி, பனகல் ராஜாவின் மந்திரிசபை மேல் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தார். 65-க்கு 44 என்று தீர்மானம் தோற்றது, மந்திரிசபை பிழைத்தது. ஆனால் அந்த ஓட்டெடுப்பு நடந்ததே, அதுதான் விஷயம். தி. நகரில் பனகல் பார்க்கைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு இந்த 65-44 ஞாபகம் வரும். ஆட்சி அந்நியருடையதாக இருந்தபோதே, ஒரு மூலையில் 'பதில் சொல்' என்று கேட்க முடிந்தது.

1947-க்குப் பிறகு இரண்டும் ஒன்றாகவே கிடைத்ததால் வித்தியாசம் மறந்துபோச்சு. ஆனால் நம்ம சென்னை மாநகராட்சியைப் பாருங்கள். அதுவும் உள்ளாட்சிதான், அதாவது 'லோக்கல் செல்ஃப் கவர்ன்மென்ட்'. 2016 அக்டோபரில் மன்றத்தின் காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில். அஞ்சு வருஷத்துக்கு மேல் கவுன்சிலரே கிடையாது, அதிகாரிகள்தான் நிர்வாகம். ஆண்டது நம்மவர்கள்தான். தெருவிளக்கு எரிந்தது, குப்பை வண்டி வந்தது. ஆனால் தெருவில் பள்ளம் என்றால், ஓட்டுப் போட்டவன் என்ற உரிமையோடு யார் வீட்டுக் கதவைத் தட்டுவது?

பையனிடம் சொன்னேன்: "ரெஸ்பான்சிபிள்னு எழுது, மார்க் வரும். ஆனா மணி ஐயர் கேட்டதையும் சேர்த்து ஞாபகம் வெச்சுக்கோ. ஒண்ணு இருந்தா இன்னொண்ணு தானா வந்துடாது."