டிராக்டர் டிரெய்லர் முதல் கேரவன் வரை: பின்னால் பூட்டிய வண்டி கவிழ்வது ஏன்? நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஆந்திராவின் சித்தூர் மாவட்டம், பூதலப்பட்டு மண்டலத்தில் 2022 டிசம்பர் 7 இரவு, கல்யாண வீட்டாரை ஏற்றிச் சென்ற டிராக்டர் கவிழ்ந்தது. 6 பேர் உயிரிழந்தனர். 20-க்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர்.

அதே ஆண்டு அக்டோபர் 1 அன்று உத்தரப் பிரதேசத்தின் கான்பூர் மாவட்டத்தில், கோயிலுக்குப் போய்த் திரும்பியவர்களின் டிராக்டர் டிரெய்லர் குளத்தில் கவிழ்ந்து 26 பேர் இறந்தனர். 2018 ஜூன் 24 அன்று தெலங்கானாவின் யாதாத்ரி புவனகிரி மாவட்டத்தில் டிராக்டர் கால்வாயில் விழுந்ததில் 15 பேர் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் கூலி வேலைக்குப் போன பெண்கள். 2024 பிப்ரவரி 24 அன்று உத்தரப் பிரதேசத்தின் காஸ்கஞ்சில், கங்கைக்குக் குளிக்கப் போனவர்களின் டிராக்டர் குளத்தில் விழுந்து 20-க்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

ஊர்தான் வேறு வேறு. சரக்குக்காகச் செய்த ஒரு பெட்டி, அதை இழுக்கும் ஒரு டிராக்டர், அதில் மனிதர்கள் என்பது எல்லாவற்றிலும் ஒன்றுதான்.

தமிழ்நாடு, கர்நாடகா, ஆந்திரா ஆகிய மூன்றும் கூடும் குப்பம், குடுபல்லி பக்கம் உங்களுக்குச் சொந்தக்காரர்கள் இருந்தால் இது புதிய காட்சி இல்லை. ஜாத்திரை, கல்யாணம், மாங்காய் பறிப்பு என எதுவானாலும் 'டிராக்டர்ல ஏறு, போயிடலாம்' என்பதுதான் பேச்சு. பெங்களூரிலோ சென்னையிலோ வேலை பார்க்கும் உங்களுக்கு இன்னொரு பக்கமும் உண்டு: கேரவன் பயண ஆசை, நடுவழியில் நின்றுபோன காரைக் கயிறு கட்டி இழுக்கும் கட்டாயம். இந்த மூன்றிலும் ஆபத்து வரும் இடம் ஒன்றே. அது இரண்டு வண்டிகளைப் பூட்டும் இடம்.

டிராக்டர் டிரெய்லர் ஏன் இவ்வளவு சுலபமாகக் கவிழ்கிறது?

காரணம் ஒன்றல்ல, பல. அவை ஒன்றோடொன்று சேரும்போதுதான் பெரிய விபத்து நடக்கிறது.

1. டிரெய்லருக்கு பிரேக் இல்லை: கிராமங்களில் ஓடும் பல டிரெய்லர்களில் தனி பிரேக் கிடையாது. டிராக்டர் பிரேக் பிடித்தாலும் பின்னால் வரும் எடை நிற்காமல் தள்ளும். சமதளத்தில் இது பெரிதாகத் தெரியாது. இறக்கத்தில் டிரெய்லர்தான் டிராக்டரை ஓட்ட ஆரம்பிக்கும். டிராக்டர் நேராக இல்லாமல் வளைவில் இருந்தால், பின்னிருந்து வரும் அந்தத் தள்ளல் அதைப் பக்கவாட்டில் திருப்பி, பேனாக்கத்தி மடங்குவதுபோல இரண்டையும் மடக்கிவிடும்.

2. நியூட்ரலில் இறக்குவது: டீசல் மிச்சமாகும் என்று இறக்கத்தில் கியரை எடுத்துவிடும் பழக்கம் பலருக்கு உண்டு. கியரில் இருக்கும்வரை என்ஜினே வேகத்தைப் பிடித்து வைக்கும். நியூட்ரலில் அந்தப் பிடி போய்விடும். பிறகு எல்லாப் பாரமும் டிராக்டரின் பிரேக் மேல்தான்.

3. இரண்டு பிரேக் பெடல்கள்: டிராக்டரில் இடது பின்சக்கரத்துக்கு ஒன்று, வலது பின்சக்கரத்துக்கு ஒன்று என இரண்டு பிரேக் பெடல்கள் இருக்கும். உழும்போது ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் நிறுத்திச் சட்டென்று திரும்ப இது உதவும். சாலைக்கு வரும்போது இரண்டையும் சேர்க்கும் சிறிய கொண்டியைப் போட வேண்டும். அதைப் போட மறந்து, வேகத்தில் ஒரு பெடலை மட்டும் மிதித்தால் டிராக்டர் அந்தப் பக்கமாகச் சுழலும்.

4. ஆட்கள் நகரும் பாரம்: 20 பேர், ஆளுக்கு 60 கிலோ என்றால் 1,200 கிலோ. நெல் மூட்டையாக இருந்தால் இந்த எடை பெரிய விஷயமே இல்லை. ஆனால் மூட்டை படுத்துக் கிடக்கும், மனிதர்கள் நிற்பார்கள், பக்கப் பலகை மேல் உட்காருவார்கள், வளைவில் ஒரே பக்கம் சாய்வார்கள். எடையின் மையம் மேலே ஏறி, பக்கவாட்டிலும் நகர்கிறது. கவிழ இது போதும்.

5. வேகம்: மணிக்கு 40 கிலோமீட்டரில் இருந்து 60-க்குப் போனால் வேகம் ஒன்றரை மடங்குதான். ஆனால் நிறுத்த வேண்டிய ஆற்றல் இரண்டே கால் மடங்கு ஆகிவிடும்.

இவை போதாதென்று, இரவில் பின்விளக்கோ சிவப்புப் பிரதிபலிப்பானோ இல்லாத டிரெய்லர், பின்னால் வேகமாக வரும் வண்டிக்குக் கடைசி நொடிவரை தெரியாது. கரும்பு லோடு ஏற்றி, இருந்த விளக்கையும் மறைத்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம்.

கொக்கியை எங்கே மாட்டுகிறோம் என்பது முக்கியமா?

மிக முக்கியம். டிராக்டரில் இழுவைக் கம்பி பின் அச்சைவிடத் தாழ்வாகத்தான் இருக்கும். பாரத்தை அங்கேதான் மாட்ட வேண்டும். சேற்றில் சிக்கிய வண்டியையோ மரத்தையோ இழுக்கும்போது சங்கிலியை மேலே, இருக்கைக்குப் பின்னால் இருக்கும் இணைப்பில் மாட்டினால், இழுவிசை டிராக்டரின் முன்பக்கத்தைத் தூக்கும். முன்சக்கரம் கிளம்பியதில் இருந்து டிராக்டர் மல்லாந்து ஓட்டுநர் மேல் விழ சுமார் ஒன்றரை விநாடிதான் ஆகும். கிளட்சை மிதிக்கலாம் என்று யோசிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

அடுத்தது பின். கொக்கியில் போடும் பின் மேலே துள்ளி வெளியே வராமல் இருக்க அதன் அடியில் ஒரு லாக் பின் இருக்க வேண்டும். மாட்டு வண்டிச் சக்கரத்துக்குக் கடையாணி எப்படியோ, அப்படித்தான் இதுவும். பல வண்டிகளில் அந்த இடத்தில் ஒரு கம்பித் துண்டோ ஆணியோதான் இருக்கிறது. தேய்ந்த பின், பெரிதாகிப்போன ஓட்டை, லாக் இல்லாத கொக்கி, மேடு பள்ளமான சாலை ஆகியவை சேர்ந்தால் டிரெய்லர் தனியாகக் கழன்று ஓடும். இதற்கு மாற்றுப் பாதுகாப்புதான் சங்கிலி. கொக்கி விட்டாலும் டிரெய்லரைப் பிடித்து வைக்கும்.

கேரவன் இழுப்பதில் என்ன தவறு நடக்கிறது?

தமிழில் 'கேரவன்' என்றதும் சினிமா ஷூட்டிங் வண்டிதான் ஞாபகம் வரும். சுற்றுலா கேரவனில் இரண்டு வகை உண்டு. என்ஜினோடு சேர்ந்த ஒரே வண்டி ஒன்று. காருக்குப் பின்னால் பூட்டி இழுக்கும் வீடு இன்னொன்று. இந்தியாவில் வாடகைக்குக் கிடைப்பது பெரும்பாலும் முதல் வகை. பிரிட்டன், ஆஸ்திரேலியா, அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்கள் விடுமுறையில் அதிகம் சந்திப்பது இரண்டாவது வகை.

இதில் அடிக்கடி நடக்கும் தவறுகள்:

- முன்பாரம் குறைவது. மாட்டு வண்டிக்காரர்களுக்குத் தெரிந்த அதே கணக்கு. பின்பாரம் ஏறினால் நுகத்தடி மேலே தூக்கும், மாட்டின் கழுத்துக் கயிறு இறுகும். கேரவனில் பின்பாரம் ஏறினால் வண்டி பாம்புபோல நெளிய ஆரம்பிக்கும். மொத்த எடையில் 5 முதல் 7 சதவீதம் கொக்கியின் மேல் இறங்க வேண்டும் என்பது பிரிட்டனில் சொல்லும் அளவு. அமெரிக்காவில் 10 முதல் 15 சதவீதம் என்கிறார்கள். எதுவானாலும் உங்கள் காரின் கையேட்டில் போட்டிருக்கும் உச்ச அளவைத் தாண்டக் கூடாது.

- காரைவிடக் கனமான கேரவன். புதிதாக இழுப்பவர்களுக்கு, கேரவனின் எடை காரின் எடையில் 85 சதவீதத்துக்குள் இருக்கட்டும் என்பது பிரிட்டனில் தரப்படும் பரிந்துரை. 1,500 கிலோ கார் என்றால் 1,275 கிலோ வரை.

- பந்து அளவு மாறுவது. கார் பக்கம் ஒரு உருண்டை, கேரவன் பக்கம் அதன் மேல் உட்காரும் கிண்ணம். ஐரோப்பாவில் உருண்டை 50 மில்லிமீட்டர். அமெரிக்காவில் பல அளவுகள் உண்டு. 2 அங்குலக் கிண்ணத்தை அதைவிடச் சின்ன 1⅞ அங்குல உருண்டையில் வைத்தாலும் 'டக்' என்று பூட்டியதுபோலத்தான் தெரியும். முதல் பெரிய பள்ளத்தில் கழன்றுவிடும். அதனால் பூட்டிய பிறகு, கேரவனின் முன் ஜாக்கியை உயர்த்திப் பாருங்கள். காரின் பின்பக்கமும் சேர்ந்து எழும்பினால் பூட்டு சரி.

- அறுந்தால் பிடிக்கும் கம்பியை மாட்ட மறப்பது. கேரவன் கழன்றால் அதன் பிரேக்கை இழுத்துவிடும் மெல்லிய கம்பி அது. மாட்ட சில நொடிகள்தான் ஆகும்.

கேரவன் நெளிய ஆரம்பித்தால் என்ன செய்வது?

பிரேக்கை அழுத்தத் தோன்றும், அதைச் செய்யாதீர்கள். எதிர்ப்பக்கம் ஸ்டியரிங்கைத் திருப்பித் திருப்பிச் சரிசெய்யவும் முயலாதீர்கள். ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுங்கள், ஸ்டியரிங்கை நேராக, உறுதியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். வேகம் குறையக் குறைய நெளிவும் அடங்கும். பிறகு ஓரமாக நிறுத்தி, சாமான்களை அச்சுக்கு அருகே, தாழ்வாக மாற்றி வையுங்கள்.

நின்றுபோன காரை இழுக்கலாமா?

அவசரத்துக்கு இழுக்கலாம், ஆனால் பக்கத்தில் உள்ள ஒர்க்‌ஷாப் வரைதான். கயிறு கட்டி இழுத்தால் இரண்டு வண்டிகளுக்கும் இடையே 5 மீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது, வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும், இழுக்கப்படும் வண்டியிலும் லைசென்ஸ் உள்ளவர் ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

இழுக்கப்படும் காரில் உட்காருபவர் நீங்கள் என்றால் இரண்டு விஷயம் நினைவில் இருக்கட்டும். சாவியை 'ஆன்' நிலையில் வையுங்கள், இல்லையென்றால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். என்ஜின் ஓடாததால் பிரேக் கல்லுபோல இருக்கும், வழக்கத்தைவிடப் பல மடங்கு அழுத்தி மிதிக்க வேண்டும்.

ஆட்டோமேட்டிக், ஆல் வீல் டிரைவ், எலெக்ட்ரிக் கார் என்றால் கயிற்றை மறந்துவிடுங்கள். சக்கரம் தரையில் உருண்டாலே கியர்பாக்ஸோ மோட்டாரோ கெட்டுவிடலாம். நான்கு சக்கரத்தையும் மேலே ஏற்றும் வண்டியைக் கூப்பிடுவதுதான் சரி. இன்னொன்று: இழுக்கும்போது கயிறு நீளும் கோட்டுக்குப் பக்கத்தில் யாரும் நிற்க வேண்டாம். அறுந்த கயிறும் தெறித்த கொக்கியும் ஆளைக் கொல்லும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி டிரெய்லரும் பதிவு செய்ய வேண்டிய வாகனம். பிரிவு 61-இன்படி டிரெய்லரின் எண் அதன் பக்கவாட்டில் இருக்க வேண்டும். அதை இழுக்கும் வண்டியின் எண்ணையும் டிரெய்லரில், பல டிரெய்லர் என்றால் கடைசி டிரெய்லரில், காட்ட வேண்டும்.

'டிராக்டர் லைசென்ஸ் வைத்திருப்பவர் டிரெய்லர் பூட்டினால் லைசென்ஸ் செல்லாதா?' என்பது பழைய வழக்கு. செல்லும் என்று 2001-இல் நாகஷெட்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 7,500 கிலோ வரையுள்ள போக்குவரத்து வாகனங்களை இலகுரக வாகன லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்பதை 2024 நவம்பர் 6 அன்று 5 நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வும் உறுதி செய்தது.

இன்சூரன்ஸ் இருக்கே, பணம் வந்துவிடாதா?

இங்கேதான் பல குடும்பங்கள் ஏமாந்து போகின்றன. டிராக்டர் பாலிசி பொதுவாக விவசாய வேலைக்கு எடுப்பது. டிரெய்லரையும் அதில் சேர்த்திருக்க வேண்டும். சரக்கு வண்டியில் சும்மா ஏறிச் செல்பவர்களுக்கு இழப்பீடு தரும் பொறுப்பு இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு இல்லை என்று 2002-இல் ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கல்யாணத்துக்கு ஏறிய சித்தப்பா, பெரியம்மா எல்லோரும் சட்டத்தின் பார்வையில் அந்த வகைதான்.

கூலித் தொழிலாளிக்கும் இதே சிக்கல் உண்டு. 2007-இல் பிரிஜ் மோகன் வழக்கில், டிரெய்லரில் போய்க் காயமடைந்த தொழிலாளிக்கு இன்சூரன்ஸ் நிறுவனம் பொறுப்பல்ல என்றே உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் அவர் நிலையைப் பார்த்து, தன் சிறப்பு அதிகாரத்தைப் பயன்படுத்தி, முதலில் நிறுவனம் பணத்தைக் கொடுக்கட்டும், பிறகு உரிமையாளரிடம் வசூலிக்கட்டும் என்றது. எல்லாருக்கும் அந்த வழி திறக்கும் என்று நம்பியிருக்க முடியாது. அப்படித் திறந்தாலும் கடைசியில் பணம் கட்ட வேண்டியவர் டிராக்டர் கொடுத்து உதவிய அதே ஊர்க்காரர்தான். நிலத்தை விற்றுத்தான் கட்ட வேண்டியிருக்கும்.

பூட்டும் முன் 5 நிமிடச் சோதனை

- கொக்கி, பின், லாக் பின் மூன்றும் இருக்கிறதா? தேய்ந்திருக்கிறதா?
- பாதுகாப்புச் சங்கிலி மாட்டியாச்சா?
- பின்விளக்கு, இண்டிகேட்டர் எரிகிறதா? சிவப்புப் பிரதிபலிப்பான் தெரிகிறதா?
- டிரெய்லர் டயரில் காற்று சரியாக இருக்கிறதா?
- கனமான பொருள் அச்சுக்கு அருகே, தாழ்வாக இருக்கிறதா? கட்டியாச்சா?
- டிராக்டர் என்றால் இரண்டு பிரேக் பெடலும் சேர்த்துப் பூட்டியிருக்கிறதா?
- இறக்கம் ஆரம்பிக்கும் முன்பே கியரைக் குறைக்க ஓட்டுநருக்குத் தெரியுமா?
- ஒரு கிலோமீட்டர் ஓட்டியபின் நிறுத்தி, கொக்கியை மறுபடி பார்த்தீர்களா?

வீட்டில் என்ன பேசலாம்?

அடுத்த கல்யாணத்துக்கு ஊருக்குப் போகும்போது 'டிராக்டர் வேண்டாம்' என்று சொன்னால், 'காலம் காலமா இப்படித்தானே போறோம்' என்பார்கள். வாதம் வேண்டாம், மாற்று ஏற்பாட்டோடு போங்கள். ஆந்திராவிலும் தமிழ்நாட்டிலும் அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் விசேஷங்களுக்குப் பேருந்தை வாடகைக்குத் தருகின்றன. ஒரு மினி பஸ் வாடகையைத் தலைக்கு வகுத்துப் பாருங்கள். மொய்ப் பணத்தைவிடக் குறைவாகக்கூட வரலாம். சம்பாதிக்கும் இளையவர்கள் நாலு பேர் சேர்ந்து அந்தச் செலவை ஏற்றுக்கொண்டால், பெரியவர்கள் மறுக்க மாட்டார்கள்.

அதுவும் முடியாமல் ஏறித்தான் ஆக வேண்டும் என்றால், பகலில் மட்டும், குழந்தைகள் இல்லாமல், எல்லோரும் டிரெய்லரின் தளத்தில் உட்கார்ந்து, மெதுவாகப் போகச் சொல்லுங்கள். மட்கார்டு மேல் யாரையும் உட்கார விடாதீர்கள். இது பாதுகாப்பு ஆகிவிடாது, ஆபத்தைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். டிராக்டர் நெல்லும் மாங்காயும் ஏற்றட்டும். ஆட்கள் பஸ்ஸில் போகட்டும்.