'றிக்கவர்' என்னும் ஆங்கில வினை – ஒரு வரலாற்று நோக்கு

நோயாளி தேறுகிறான், களவுபோன நகை மீட்கப்படுகிறது, கடன் அறவிடப்படுகிறது. தமிழில் மூன்று வினைகள் ஆற்றும் தொழிலை ஆங்கிலத்தில் 'றிக்கவர்' என்னும் ஒரு வினையே ஆற்றிவிடுகின்றது. இழந்ததைத் திரும்பப் பெறுதல் என்பதே அதற்குப் பொதுவாகக் கூறப்படும் பொருள். ஆயின், ஆங்கில நீதிமன்றங்களின் வரலாற்றை நோக்குவார்க்கு அப்பொருள் போதாமை புலனாகும். ஏறத்தாழ மூன்றரை நூற்றாண்டுக் காலம், ஒருவன் தான் ஒருபோதும் இழந்திராத நிலத்தை 'மீட்பதற்கு' அச்சொல் அங்கே துணைநின்றது.

1066இல் நோமானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றியபின், ஆட்சியும் நீதியும் பிரெஞ்சு மொழி பேசுவோர் வசமாயின. 'றெக்குப்பெராரே' என்னும் இலத்தீன் வினை பிரெஞ்சிலே திரிந்து, அவ்வழியே 'றிக்கவர்' என ஆங்கிலம் புகுந்தது. 16ஆம் நூற்றாண்டிற் கற்றோர் அதே இலத்தீன் வினையை நேரே கடன்பெற்று 'றிக்கூப்பரேற்' என இன்னொரு சொல்லும் ஆக்கிக்கொண்டனர். அது இன்று பெரும்பாலும் உடல்நலம் பற்றியே வழங்குகின்றது.

ஏனைய ஒருபொருட் சொற்களும் தத்தம் பிறந்தகத்தின் சாயலை விடவில்லை. 'றிட்றீவ்' வேட்டுவர் சொல். தப்பிய வேட்டைப் பொருளை நாய் மீண்டும் கண்டுபிடிப்பதை அது குறித்தது. 'றிடீம்' என்பதன் இலத்தீன் மூலத்துக்கு விலைகொடுத்து மீளப்பெறுதல் என்பது பொருளாதலின், ஈட்டை மீட்பதற்கும் கிறித்தவ சமயத்தார் கூறும் மீட்புக்கும் அதுவே உரியதாயிற்று. 'றெஸ்கியு' என்பதன் கதை வேறு. இன்று போற்றப்படும் அச்செயல், கடமைப்பாட்டின் பொருட்டுச் சட்டப்படி பற்றப்பட்ட கால்நடையை வலிந்து மீட்டுச் செல்லும் குற்றத்துக்கும் பெயராய் இருந்தது!

மக்கள் பிரெஞ்சு அறியாமையால் வழக்குரைகள் ஆங்கிலத்தில் நிகழவேண்டுமென 1362இற் சட்டமொன்று விதித்தது. ஆயினும் சட்டத்தாரின் பிரெஞ்சுக் கலைச்சொற்கள் அகலவில்லை. பதிவேடுகளும் 1733 வரை இலத்தீனிலேயே எழுதப்பட்டன. இத்தகைய மன்றுகளில் 'றிக்கவர்' என்றால், தீர்ப்பின் வலியாற் பெறுதல் என்பதே பொருள். பெறுவது முன்னர்த் தன்னிடம் இருந்ததா என்னும் வினா அங்கு எழுவதில்லை.

இந்நெகிழ்ச்சியே பெரியதொரு வாயிலைத் திறந்துவிட்டது. முதலாம் எட்வேட் மன்னன் காலத்தில், 1285இல் இயற்றப்பட்ட சட்டம், ஒருவனுக்கும் அவன் வழித்தோன்றல்களுக்குமெனக் கொடுக்கப்பட்ட நிலம் அவ்வழியிலேயே செல்லவேண்டுமெனக் கட்டியது. அனுபவிப்போன் அதனை முற்றாக விற்கவியலாது. கடன் கொடுத்தோனும் அவன் இறந்தபின் நிலத்தை நாடவியலாது. இக்கட்டை அவிழ்க்க வழக்கறிஞர் கண்ட வழி வியப்புக்குரியது.

நிலத்தை வாங்குவோன், அது தனதே என்று வழக்கிடுவான். உடையோன் அதனை மறுப்பதில்லை. நிலத்துக்கு உறுதியளித்தவன் வேறொருவன் என்றும், அவனே வந்து எதிர்வாதம் செய்யட்டும் என்றும் கூறுவான். அவ்வாறு அழைக்கப்படுபவன் பெரும்பாலும் நீதிமன்றிற் பெயர் கூவும் சேவகனே. அவன் உறுதியளித்தமையை ஒப்புக்கொண்டு, வழக்காளியுடன் தனித்துப் பேச வெளியே செல்வான், திரும்பி வரான். ஆகவே வழக்காளி நிலத்தை 'மீட்டான்' எனத் தீர்ப்பாகும். அதற்கு ஈடான நிலத்தைச் சேவகன் கொடுக்கவேண்டும் என்றும் அத்தீர்ப்பே கூறும். அவனிடமோ நிலமில்லை. ஏட்டளவில் வழித்தோன்றலுக்கு ஈடு கிடைத்தது. உண்மையில் அவன் கையில் எதுவும் மிஞ்சவில்லை.

1472இல் நிகழ்ந்த தால்ற்றாரம் வழக்கின் பின்னர் இம்முறை நிலைபெற்றது. சேக்ஸ்பியரின் ஹம்லெற், இடுகாட்டில் ஒரு மண்டையோட்டைக் கண்டு, அது நிலம் வாங்கிக் குவித்தவனுடையதோ என எள்ளுமிடத்து இவ்வழக்குமுறையையும் பெயர்சுட்டிக் கூறுகிறான். நாடகம் பார்க்க வந்தோர்க்கு அச்சொல் புரிந்தமையாலன்றோ அவ்வெள்ளல் சென்றிருக்கும்!

இதனை வெறும் பொய்யென இகழ்ந்துவிடுதல் நேர்மையன்று. கட்டுண்ட நிலம் கைமாறவும் கடன் தீரவும் அது வழிசெய்தது. எனினும் பிறவா முன்னரே உரிமை பெற்றிருந்த பிள்ளை, தான் அறியாத ஒரு வழக்கால் அதனை இழந்தான். சட்டத்தை வெளிப்படையாகத் திருத்தும் துணிவின்றி, ஒரு சொல்லின் பின்னே நின்று அது மீறப்பட்டமையே குறைகூறற்பாலது. 1833இல் நாடாளுமன்றம் இப்போலி வழக்கை ஒழித்து, எளிய உறுதிப்பத்திரத்தால் அப்பயனை எய்தச் செய்தது.

வழக்கு ஒழிந்தும் சொல்லின் பழம்பொருள் ஒழியவில்லை. நட்டஈட்டை 'றிக்கவர்' செய்தான் என்றே ஆங்கிலச் சட்டத்தார் இன்றும் எழுதுவர். அத்தொகை அவனிடம் முன்பு இருந்ததன்று. ஆகவே அவ்விடத்தில் 'றிட்றீவ்' எனினும் 'றிடீம்' எனினும் பொருந்தாது. தமிழிலும் 'மீட்டான்' என மொழிபெயர்த்தல் வழுவாகும். 'தீர்ப்பினாற் பெற்றான்' என்பதே தகும்.