டர்னர் நோய்க்குறித் தொகுதி

பெண்ணின் உயிரணுக்களில் இருக்க வேண்டிய இரண்டு எக்ஸ் குரோமோசோம்களுள் ஒன்று முழுமையாகவோ பகுதியாகவோ இல்லாததால் குறைந்த உயரம், பூப்புத் தாமதம், கருப்பையின் இருபுறமுள்ள சூலகங்களின் செயலிழப்பு முதலியன சேர்ந்து தோன்றும் நிலை. பிறக்கும் பெண் குழந்தைகளில் ஏறத்தாழ 2000 முதல் 2500 பேருக்கு ஒருவரிடம் இது காணப்படுகிறது.

இதனை முதலில் விவரித்தவர் யார் என்பதில் கருத்தொற்றுமை இல்லை. ரஷ்ய மருத்துவர் ஷெரெஷெவ்ஸ்கி 1925இலேயே கண்டார் என்பர். ஜெர்மானியக் குழந்தை மருத்துவர் ஓட்டோ உல்ரிச் 1930இல் 8 வயதுச் சிறுமி ஒருத்தியைப் பற்றி எழுதினார். அமெரிக்காவின் ஒக்லஹோமாவைச் சேர்ந்த ஹென்றி டர்னர் 1938இல் ஏழு பெண்களிடம் குறைந்த உயரம், கழுத்தின் இருபுறமும் விரிந்த தோல்மடிப்பு, வெளிப்புறம் வளைந்த முழங்கை, பருவ வளர்ச்சியின்மை ஆகியவற்றை விவரித்ததால் அவர் பெயரே நிலைத்தது.

கோளாறு பிட்யூட்டரிச் சுரப்பியிலன்றிச் சூலகத்தில் இருக்கிறது என்பது 1940களில், பிட்யூட்டரி சுரக்கும் சூலகத்தூண்டு ஹார்மோன் இவர்களின் சிறுநீரில் மிகுந்திருந்ததால் தெளிவாயிற்று. 1949இல் மரி பார், பூனையின் நரம்பணுக்களை ஆராய்கையில், பெண் விலங்குகளின் உட்கருவில் மட்டும் கருமையாகச் சாயமேறும் சிறு திட்டு ஒன்று இருப்பதைக் கண்டார். 1954இல் லண்டனில் பால் போலானி முதலியோர் டர்னர் நிலையினரிடம் அத்திட்டைத் தேடியபோது அது இல்லாதிருக்க, இவர்கள் மரபுவழியில் ஆண்களோ என்ற ஐயம் எழுந்தது. ஆண்களுக்கு ஒரே எக்ஸ் இருப்பதால்தான் நிறக்குருடு அவர்களிடம் மிகுதி என்பதை அறிந்த போலானி, இப்பெண்களிடமும் அது ஆண்களைப் போன்றே மிகுந்திருக்கக் கண்டு, இவர்களுக்கு எக்ஸ் ஒன்றே இருக்கலாம் என ஊகித்தார். குரோமோசோமை எண்ணிப் பார்க்காமலேயே வண்ணச் சோதனையிலிருந்து பெறப்பட்ட இவ்வூகம் இவ்வரலாற்றின் நேர்த்தியான பகுதி எனலாம். மனிதரின் குரோமோசோம்கள் 46 என 1956இல் உறுதியானபின், 1959இல் சார்லஸ் ஃபோர்டு குழுவினர் 14 வயதுச் சிறுமி ஒருத்தியிடம் 45 மட்டுமே இருப்பதைக் காட்டினர்.

பின்னர் 1997இல் உயரக் குறைவுடன் தொடர்புள்ள ஷாக்ஸ் மரபணு கண்டறியப்பட்டது. வளர்ச்சி ஹார்மோனும் ஈஸ்ட்ரோஜனும் சிகிச்சையாயின.

பச்சிளங்குழந்தையின் புறங்கைகளிலும் புறங்கால்களிலும் நிணநீர் வீக்கம் தென்படுவது செவிலியர் கவனிக்கத்தக்க முதற்குறி. இதய மகாதமனி குறுகியிருக்கக்கூடும் என்பதால் கையிலும் காலிலும் இரத்த அழுத்தம் பார்க்கப்படுகிறது. சில உயிரணுக்களில் மட்டும் எக்ஸ் குறைந்துள்ள கலப்பு வகையினருள் சிலர் இயல்பாகவே பூப்பெய்துவதால், மாதவிடாய் வந்துவிட்டது என்பதைக் கொண்டு இந்நோயை விலக்கிவிட இயலாது.