குடியேறிய சொற்கள்

எங்கள் தெருத் தையற்காரர், "மிஷின் தகராறு செய்கிறது, ஸார்" என்றால், எந்த மிஷின் என்று யாரும் கேட்பதில்லை. ஜப்பானிலும் கேட்க மாட்டார்கள். அங்கே 'மிஷின்' என்றால் தையல் யந்திரம் ஒன்றுதான். மற்ற யந்திரங்களுக்கெல்லாம் 'கிகாய்' என்று வேறு சொல் இருக்கிறது. இதை அறிந்த நாள் முதல் எனக்கு அந்தப் பாஷையிடம் ஒரு சொந்தம் ஏற்பட்டுவிட்டது.

அந்நியச் சொல் அவர்களுக்குப் புதிதல்ல. 1543-இல் வந்த போர்த்துக்கீசியரிடமிருந்து ரொட்டிக்கு 'பான்' என்ற பெயர் கிடைத்தது. டச்சுக்காரரிடமிருந்து 'பீரு' வந்தது. ஆங்கிலம் பிந்தித்தான் வந்தது; ஆனால் வந்த வேகத்தில் சிம்மாசனத்துக்கே ஆசைப்பட்டது எனலாம். 1870-களின் ஆரம்பத்தில் வாஷிங்டனில் ஜப்பானின் பிரதிநிதியாக இருந்த மோரி அரினோரி, தம் தாய்மொழி புதிய அறிவைச் சுமக்காது, ஆங்கிலமே வேண்டும் என்றார். லண்டனில் இருந்த பாபா தத்சுயி என்ற இளைஞருக்கு இது பொறுக்கவில்லை. ஜப்பானிய மொழிக்கு ஓர் இலக்கணமே எழுதி, 1873-இல் அதற்குப் பதில் சொன்னார். வேடிக்கை என்னவென்றால், அதை அவர் எழுதியது ஆங்கிலத்தில்!

சிம்மாசனம் கிடைக்காத ஆங்கிலம் சமையலறை வழியாக நுழைந்தது. கிண்ணத்தில் இருக்கும் சோறு 'கோஹான்'. அதே சோறு மேனாட்டுப் பண்டத்தோடு தட்டில் வந்தால் 'ரைஸு'. வெள்ளைச் சட்டையைக் குறித்த ஆங்கிலச் சொல் 'வைஷாட்ஸு' ஆயிற்று. இப்போது நீல நிறத்திலும் வைஷாட்ஸு உண்டு! ஆங்கிலத்தில் மாளிகையான 'மான்ஷன்', அங்கே அடுக்குமாடிக் குடியிருப்பு. வந்த சொற்கள் பழைய எஜமானரை மறந்து, புதிய வீட்டு வேலையைக் கற்றுக்கொண்டன.

யுத்தம் வந்ததும் இவையெல்லாம் பகைவன் மொழியாகிவிட்டன. 1943-இல் பேஸ்பால் மைதானத்தில் நடுவர்கள் 'ஸ்ட்ரைக்' என்று கூவாமல், 'நல்லது' என்று பொருள்படும் 'யோஷி'யைக் கூவினார்கள். பந்தும் மட்டையும் அமெரிக்க ஆட்டத்தினுடையவை. சொல் மட்டும் ஆகாதாம்! யுத்தம் முடிந்தது, பழைய கூச்சலும் திரும்பியது.

இதுவரை எனக்கு ஆங்கிலச் சொற்களின் கட்சிதான். ஆனால் 2013-இல் எழுபத்தோரு வயதுக் கிழவர் ஒருவர் போட்ட வழக்கைப் படித்தபோது சற்றுத் தயங்கினேன். என்.எச்.கே. ஒலிபரப்பு நிறுவனம் 'ரிஸுகு', 'தொராபுரு' என்று ஓயாமல் ஆங்கிலச் சொற்களைக் கொட்டுவதால் நிகழ்ச்சிகள் புரியாமல் மனவேதனை அடைகிறேன், 14 லட்சத்துப் பத்தாயிரம் யென் நஷ்ட ஈடு வேண்டும் என்றார். பலர் சிரித்திருப்பார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மிஷினைக் கையால் தொடலாம், ரைஸுவைத் தின்னலாம். பொருள் கையோடு வந்ததால் பெயரும் ஒட்டிக்கொண்டது. 'ரிஸுகு'வோடு எந்தப் பண்டம் வந்தது? ஆபத்துக்கு அவர்களிடம் சொல் இல்லாமலா இருந்தது? வயோதிகர் தம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, தம் நாட்டுச் செய்தி புரியாமல் விழிப்பது சின்ன விஷயமா?

2014-இல் நகோயா ஜில்லா நீதிமன்றம் வழக்கைத் தள்ளிவிட்டது. சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். ஆனாலும் ஒரே ஒரு சொல்லையாவது அவருக்கு ஜெயித்துக் கொடுத்திருக்கலாம் என்று இன்றும் எனக்கு ஒரு குறை.