ஒரு பெயர்ச்சீட்டும் இரு கிருமிகளும்

காய்ச்சல் கண்டவனுடைய இரத்தத்தைச் சிறு குழாயில் எடுத்து அனுப்புகிறோம். சில தினங்களில் "உண்டு" என்றோ "இல்லை" என்றோ ஒரு காகிதம் திரும்பி வருகிறது. அக்காகிதம் தவறாயிருப்பின் என்னாகும்? இக்கேள்விக்கு விடை கூறும் வரலாறொன்று இந்நாட்டிலேயே, நம் தோட்ட மக்களையும் பட்டணத்தாரையும் ஒருங்கே பாதித்த நோயைப் பற்றியே, நடந்திருக்கிறது.

1916-ம் ஆண்டில், ஐரோப்பிய மகாயுத்தத்தின் நடுவே, வைல், பெலிக்ஸ் என்னும் இருவர் டைபஸ் காய்ச்சலை அறிய ஒரு பரிசோதனை கண்டனர். புரோட்டியஸ் என்ற கிருமியைக் கலந்த நீரில் நோயாளியின் இரத்தத்தினின்று பிரிந்த தெளிநீரைச் சேர்த்தால், டைபஸ் உள்ளவனாயின் கிருமிகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும். புரோட்டியஸ் அந்நோய்க்குக் காரணமன்று, சாட்சி மாத்திரமே. இப்பரிசோதனையை 1900-ல் ஸ்தாபிக்கப்பட்ட கோலாலம்பூர் வைத்திய ஆராய்ச்சி நிலையமும் கையாண்டது.

1920-களில் அந்நிலையத்தில் "எக்ஸ் 19" என்ற பெயரையே தாங்கிய இரு கிருமி வளர்ப்புகள் இருந்தன. ஒன்று வார்ஸா நகரத்துக் கிருமி. மற்றொன்று டாக்டர் கிங்ஸ்பரி இங்கிலாந்திலிருந்து கொணர்ந்தது. பெயர் ஒன்றே, குணமோ வேறு. வார்ஸா கிருமி இண்டோல் என்னும் பொருளை உண்டாக்கும். கிங்ஸ்பரி கிருமி உண்டாக்காது. ஒரே நோயாளியின் தெளிநீர் ஒன்றில் திரண்டது, மற்றதில் திரளவில்லை.

இங்கேதான் நாம் சற்று நிற்க வேண்டும். அவசரக்காரராயிருந்தால் ஒரு குழாயைக் "கெட்டது" என்று கொட்டிவிட்டு மற்றதை மட்டும் நம்பியிருப்பார். டாக்டர் பிளெச்சரும் லெஸ்லரும் அவ்வாறு செய்யாமல், இரண்டையும் வைத்தே சோதித்தனர். நோயாளி எங்கே வசித்தான், என்ன தொழில் செய்தான் என்பதையும் நோக்கினர். அப்போது உண்மை புலப்பட்டது. வார்ஸா கிருமியைத் திரட்டியவர்கள் பெரும்பாலும் பட்டணத்தார், கடைகண்ணிகளில் இருப்போர். கிங்ஸ்பரி கிருமியைத் திரட்டியவர்களோ தோட்டத்திலும் லாலாங் காட்டிலும் உழைப்போர். காய்ச்சல் ஒன்றன்று, இரண்டு! பட்டணத்து நோய் எலித்தெள்ளால் வருவது. தோட்டத்து நோய் புல்லில் ஒட்டியிருக்கும் கண்ணுக்கெட்டாச் சிற்றுண்ணியின் குஞ்சால் வருவது. வார்ஸா கிருமி மட்டும் இருந்திருப்பின், தோட்டத்துக் கூலியாளின் காகிதத்தில் "இல்லை" என்றே எழுதியிருப்பார்கள்.

கோலசிலாங்கூர்ப் பகுதியாருக்கு இது தூரத்துச் சங்கதியன்று. அங்குள்ள தென்னமரம் தோட்டத்தில்தான் 1917-ல் இந்நாட்டில் முதன்முதலாக வியாபாரத்துக்கென்று செம்பனை பயிரிடப்பட்டது. செம்பனைப் பழத்தை எலி நாடும். எலியைச் சிற்றுண்ணி நாடும். இந்நோய்க்குக் குளோரம்பெனிகால் என்னும் மருந்து பலனளிப்பதை 1948-ல் கோலாலம்பூரிலேயே சோதித்துக் கண்டனர். அதுவரை லாலாங்கை வெட்டுவதும் எலியை ஒழிப்பதுமே வழி. எவ்விடத்தில் எதைச் செய்வதென்பதற்கு நோயின் பெயர் சரியாகத் தெரிய வேண்டியிருந்தது.

இக்காலத்தில் இயந்திரங்கள் நுட்பமாகிவிட்டன. ஆயினும் பிழை ஒழியவில்லை, இடம் மாறியிருக்கிறது. இத்தாலியின் பதுவா நகர ஆஸ்பத்திரி ஆய்வுச்சாலையில் கண்ட பிழைகளை ஆராய்ந்து 1997-ல் வெளியிட்ட கணக்கின்படி, நூற்றுக்கு 68 பிழைகள் பரிசோதனைக்கு முன்னரே நேர்ந்தவை. சோதிக்கும் வேளையில் நேர்ந்தவை 13 மாத்திரமே. தவறான குழாயில் எடுப்பதும், ஒருவர் இரத்தத்திற்கு மற்றொருவர் சீட்டை ஒட்டுவதும் முன்னதைச் சேர்ந்தவை.

நம்மவர்க்கு இதில் தனிச் சங்கடமொன்றுண்டு. ஒரு தோட்டத்தில் எத்தனை முனியாண்டி, எத்தனை இலட்சுமி! கிராணி ஒருவிதமாகவும் ஆஸ்பத்திரி குமாஸ்தா வேறுவிதமாகவும் ஆங்கில எழுத்தில் எழுதிய பெயர் கணினியில் ஏறினால், ஒருவர் இருவராவதும் உண்டு, இருவர் ஒருவராவதும் உண்டு. பெயரோடு அடையாள அட்டை எண்ணையும் கேட்பது இதற்காகவே. அதைத் தொந்தரவென்று முணுமுணுப்போர் இருக்கிறார்கள்! சுங்கை ஆயர் தாவாரில் எடுத்த இரத்தம் தொலைவிலுள்ள ஆய்வுச்சாலையை அடையும்போது, கூடவே செல்வது நோயாளியன்று, அந்தச் சீட்டுத்தான். இரத்தம் எடுத்தவுடன், நம் கண்ணெதிரிலேயே அதை ஒட்டச் சொல்வதும், நம் பெயரும் எண்ணும் சரியா என்று வாசித்துப் பார்ப்பதும் நாமே செய்யக்கூடிய காரியங்கள்; வாசிக்கத் தெரியாத பாட்டிக்குப் பள்ளிக்கூடம் போகும் பேரன் வாசித்துச் சொல்லலாம்.